"காயலான் கடை நாய்" என்ற பெயரில் ஒரு கதாநாயகன்!

1980-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந்தேதி, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் தென்பகுதியில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் நியூ ஆர்லியன்ஸ் நகரம். அங்கே "சூப்பர்டோம்" என்று ஒரு பிரமாண்டமான ஸ்டேடியம். மேலே முழுவதும் கூரை போட்டது. அன்று அதற்குள் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள்.

நடுவே குஸ்தி மேடை. மேடையைச் சுற்றி இரும்புக் கூண்டு. கூண்டுக்குள் இரண்டு பயில்வான்கள். இருவர் கழுத்திலும் நாய்ப்பட்டை! இரண்டு பட்டைகளையும் ஒரே சங்கிலியால் பிணைத்திருந்தார்கள்.

ஒருவர் வெள்ளைக்காரர். தோள் வரை பொன்னிற முடி. பெயர் மைக்கேல் ஹேய்ஸ். மற்றவர் கறுப்பர், ஆறடி மூன்று அங்குல உயரம். அவருக்குச் சரியாகக் கண் தெரியாது என்று கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் நம்பினார்கள். எதிரி எங்கே நிற்கிறான் என்று தெரியாவிட்டாலும் சங்கிலியைப் பிடித்து இழுத்தால் கைக்குச் சிக்குவான் அல்லவா? சங்கிலி அதற்காகத்தான்.

கறுப்பர்களும் வெள்ளையர்களும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்து, அந்தக் கறுப்பருக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். ஜெயித்தவரும் அவர்தான்.

அவருடைய மேடைப் பெயர் "ஜங்க்யார்ட் டாக்". நம் பாஷையில் சொன்னால், காயலான் கடை நாய்! சொந்தப் பெயர் சில்வெஸ்டர் ரிட்டர்.

சட்டமே தடுத்த மாநிலம்

அந்தக் கூட்டம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரிய வேண்டுமானால், சில வருடங்கள் பின்னால் போக வேண்டும்.

நியூ ஆர்லியன்ஸ் இருப்பது லூசியானா மாநிலத்தில். 1956-ல் அந்த மாநிலச் சட்டசபை ஒரு சட்டம் போட்டது. வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து எந்த விளையாட்டுப் போட்டியிலும் கலந்துகொள்ளக் கூடாது. பார்க்க வருகிறவர்களும் தனித்தனியாகத்தான் உட்கார வேண்டும் என்பது சட்டம். ஜோசப் டோர்சி என்ற கறுப்புக் குத்துச்சண்டை வீரர் கோர்ட்டுக்குப் போனார். அவர் பக்கம் தீர்ப்பு ஆனது. மாநில அதிகாரிகள் விடவில்லை, அப்பீல் செய்தார்கள். 1959-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டும் அந்தச் சட்டம் செல்லாது என்பதை உறுதி செய்தது.

சட்டம் போய்விட்டது. மனசு அவ்வளவு சீக்கிரம் மாறுமா? சூப்பர்டோமில் இருந்த பெரியவர்களில் பலர் அந்தச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர்கள்தான். தீர்ப்புக்கும் அந்த இரவுக்கும் நடுவே இருந்தது 21 வருடம் மட்டுமே.

பாளையக்காரர்கள்

தாராசிங் - கிங்காங் குஸ்தியைப் பற்றிக் கேள்விப்படாதவர் நம்மில் குறைவு. 1968-ல் அப்போதைய பம்பாயில் தாராசிங்கோடு மோத லூ தெஸ் என்ற அமெரிக்கர் வந்தார். அந்த லூ தெஸ், "நேஷனல் ரெஸ்லிங் அலையன்ஸ்" என்ற சங்கத்தின் உலக சாம்பியனாகப் பல வருடங்கள் இருந்தவர். நம் கதாநாயகர் பிழைத்ததும் அந்தச் சங்கம் வகுத்த ஏற்பாட்டில்தான்.

1948-ல் அயோவா மாநிலத்தில் வாட்டர்லூ என்ற ஊரில் குஸ்தி காண்டிராக்டர்கள் சிலர் கூடி அந்தச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். நாட்டைப் பல பகுதிகளாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு காண்டிராக்டர். அவர் எல்லைக்குள் இன்னொருவர் கடை விரிக்கக் கூடாது. பழைய காலப் பாளையப்பட்டு மாதிரிதான்! ஒவ்வொரு பாளையத்துக்கும் தனி சாம்பியன், தனி வில்லன், உள்ளூர் டெலிவிஷனில் வாரம் ஒரு மணி நேரம். டெலிவிஷனில் சண்டையை மூட்டிவிட்டு, முடிவைப் பார்க்க ஊர் மண்டபத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு வரச் சொல்வார்கள். வியாபாரம் அவ்வளவுதான்.

பயில்வான்களின் பாடு வேறு. மாதச் சம்பளம் இல்லை. அன்றைய வசூலைப் பார்த்துக் காண்டிராக்டர் கொடுப்பதுதான் கூலி. பெட்ரோல், ஓட்டல் செலவு சொந்தக் கைப்பணம். கை கால் முறிந்தால் வைத்தியச் செலவும் தன்னுடையதுதான். பென்ஷன் கிடையாது. சங்கம் வைத்துக் கேட்கலாம் என்றால், பயில்வான்களுக்குத் தொழிற்சங்கமே கிடையாது. ஓர் ஊரில் ஆறு மாதமோ, ஒரு வருடமோ ஆனதும் ஜனங்களுக்கு முகம் அலுத்துவிடும். உடனே பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த பாளையத்துக்குக் கிளம்ப வேண்டும். புது ஊர், புதுப் பெயர், சில சமயம் புதுக் குணம்கூட! வயிற்றுப் பாட்டுக்காக ஊர் மாறி வந்தவர்களுக்கு இந்தக் கஷ்டத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. மேடையில் எதிரிகளாக இருப்பவர்கள் ஒரே காரில் போகக் கூடாது; ஒரே ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது. ரசிகர்கள் பார்த்துவிட்டால் பிழைப்பு போய்விடும். ஏனென்றால் யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்பதெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்ததுதான். விழும் அடியும் வலியும் மட்டும் பேசி வைத்து வருவதல்ல.

பட்டதாரி பயில்வான்

ரிட்டர் பிறந்தது 1952-ல், வட கரோலினா மாநிலத்தில் வேட்ஸ்பரோ என்ற சிற்றூரில். கல்லூரியில் படித்து அரசியல் விஞ்ஞானத்தில் பட்டம் வாங்கினார். படிக்கும்போதே கெட்டிக்கார புட்பால் வீரர். (நம் ஊர் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஆளை இடித்துத் தள்ளி ஓடும் அமெரிக்க ஆட்டம்.) "கிரீன் பே பேக்கர்ஸ்" என்ற புகழ்பெற்ற குழுவில் இடம் பிடிக்கப் பார்த்தார். உடம்பில் பட்ட காயம் குறுக்கே வந்தது.

1977 வாக்கில் குஸ்திக்கு வந்தார். முதலில் டென்னசி மாநிலம். பிறகு கனடாவில் கால்கரி நகரம். அங்கே ஸ்டூ ஹார்ட் என்பவருடைய பாளையத்தில் "பிக் டாடி ரிட்டர்" என்ற பெயரில் வில்லன் வேஷம். சாம்பியன் பட்டமும் கிடைத்தது. ஆனாலும் அதுவரை அவர் பத்தோடு பதினொன்றுதான்.

பெயர் பிறந்தது

தெற்கே பில் வாட்ஸ் என்று ஒரு காண்டிராக்டர். ஓக்லஹோமாவைச் சேர்ந்த வெள்ளைக்காரர். தாமே பயில்வானாக இருந்தவர். முரட்டு ஆசாமி, கண்டிப்பானவர். 1979-ல் பழைய பங்காளியிடமிருந்து பிரிந்து, லூசியானாவையும் மிசிசிப்பியையும் எடுத்துக்கொண்டு "மிட்-சவுத்" என்ற பெயரில் தனிக்கடை போட்டார்.

வாட்சுக்கு ஒரு கணக்கு தெளிவாகத் தெரிந்தது. நியூ ஆர்லியன்சில் பாதிக்கு மேல் கறுப்பர்கள். டிக்கெட் வாங்குகிறவர்கள் அவர்கள். மேடையில் அவர்களுக்கு ஒரு கதாநாயகன் இருந்தால்?

கறுப்புப் பயில்வான்கள் அதற்கு முன் இல்லாமல் இல்லை. போபோ பிரேசில், எர்னி லாட் போன்றவர்கள் நாடறிந்த பெரிய புள்ளிகள். ஆனால் தென் மாநிலங்களில் ஒரு பாளையத்தின் முதலிடத்தையே கறுப்பர் ஒருவரிடம் கொடுக்கக் காண்டிராக்டர்கள் தயங்கினார்கள். வெள்ளை ரசிகன் வராமல் போய்விடுவான் என்று பயம். வாட்ஸ் பயப்படவில்லை. சமத்துவத்தின் மேல் உள்ள ஆசையா, கல்லாப்பெட்டியின் மேல் உள்ள ஆசையா என்று கேட்டால், இரண்டாவதுதான் முந்தி நிற்கும். ஆனால் பலன் பலன்தானே!

"ஜங்க்யார்ட் டாக்" என்ற பெயர், ஜிம் குரோச் என்ற பாடகர் 1973-ல் பாடிய பிரபலமான ஒரு பாட்டில் வரும் சொல். காயலான் கடைக்குக் காவல் இருக்கும் நாய் பொல்லாதது; அந்தப் பொல்லாத்தனம்தான் பெயரின் அர்த்தம். ஆரம்ப நாட்களில் பழைய சாமான்களை வண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டே மேடைக்கு வந்தார் ரிட்டர். வண்டி சீக்கிரமே போய்விட்டது. கழுத்துப்பட்டையும் சங்கிலியும் நிலைத்தன.

உள்ளதைச் சொன்னால், பிடிகள் போடுவதில் அவர் சூரர் அல்ல. தலையால் முட்டுவார், ஆளைத் தூக்கி ஒரே அறையாகத் தரையில் போடுவார். பத்து நிமிடத்துக்கு மேல் சண்டை நீண்டால் மூச்சு வாங்கும். அது வாட்சுக்குத் தெரியும். அதனால் சண்டைகளைச் சுருக்கமாகவே வைத்தார். ஆனால் சங்கிலியைக் குலுக்கிக்கொண்டு அவர் கதவைத் திறந்து வரும்போது மண்டபம் எழுந்து நிற்கும். அதைச் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது.

கண் போன கதை

மைக்கேல் ஹேய்ஸ், டெரி கார்டி, பட்டி ராபர்ட்ஸ் ஆகிய மூவர் அணிக்கு "பிரீபேர்ட்ஸ்" என்று பெயர். மூவரும் வில்லன்கள். 1980-ல் முடி உதிர்க்கும் பசை ஒன்றை ஹேய்ஸ் எடுத்து ஜங்க்யார்ட் டாகின் கண்ணில் பூசிவிட்டார். பார்வை போய்விட்டது என்று டெலிவிஷனில் அறிவித்தார்கள்.

எல்லாம் நாடகம்தான். ஆனால் நாடகத்துக்குள் நிஜம் ஒன்றும் இருந்தது. அந்தச் சமயத்தில் ரிட்டருக்கு உண்மையிலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்த குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று டெலிவிஷனில் சொன்னபோது, வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் கண் கலங்கினார்கள். கறுப்புத் தகப்பன் ஒருவனுக்காக வெள்ளைக்காரத் தாய்மாரும் அழுதார்கள் என்பதுதான் இதில் விசேஷம்.

நம் கிராமத்துக் கூத்தில் துரியோதனன் படுகளம் நடக்கும்போது, துடைப்பத்தோடு வருகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பார்வையற்ற டாகை வில்லன்கள் தாக்கிய ஒரு நாள், ரசிகர் ஒருவர் தடுப்பைத் தாண்டிக் குதித்துக் கைத்துப்பாக்கியோடு அவருக்குத் துணையாக வந்து நின்றுவிட்டார் என்று வாட்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நாடகம் ஆடுகிறவர்களுக்கு உயிர் போய் உயிர் வந்திருக்கும்!

அந்தப் பகையின் முடிவுதான் முதலில் சொன்ன சங்கிலிச் சண்டை.

முகமூடி

1982-ல் இன்னொரு கதை. டெட் டிபியாசி என்பவர் டாகின் உயிர் நண்பராக இருந்தவர். கையுறைக்குள் கனமான பொருளை ஒளித்து வைத்துக் குத்தி, அவருடைய பட்டத்தைப் பறித்துக்கொண்டார். நண்பன் செய்த துரோகம் என்றால் ஜனங்களுக்குக் கோபம் இரண்டு மடங்கு. பிறகு, "தோற்றவர் ஊரை விட்டுப் போக வேண்டும்" என்று ஒரு பந்தயம். கொரில்லாக் குரங்கு வேஷம் போட்ட ஆள் ஒருவன் குறுக்கே புகுந்து கெடுக்க, டாக் தோற்றார். ஊரை விட்டுப் போனார்.

சில நாட்களில் "ஸ்டேகர் லீ" என்று ஒரு முகமூடிப் பயில்வான் வந்தார். அதே உயரம், அதே உடம்பு, அதே முட்டு! நம் பழைய படங்களில் கதாநாயகன் கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டு வந்தால் வில்லனுக்கு அடையாளம் தெரியாது. தரை டிக்கெட் ரசிகனுக்கு மட்டும் தெரியும். அதே கதைதான். ஸ்டேகர் லீ என்பது அமெரிக்கக் கறுப்பர்களின் நாடோடிக் கதைகளில் வரும் முரடன் ஒருவனின் பெயர். முகமூடிக்குள் இருப்பது யார் என்று மண்டபம் முழுவதற்கும் தெரியும். தெரிந்தும் தெரியாதது போல நடிப்பதில் ஜனங்களும் கூட்டாளிகள். 1984 ஏப்ரலில் வாட்ஸ் தாமே மீண்டும் மேடை ஏறியபோது, சூப்பர்டோமில் அவர் பக்கத்தில் நின்றவர் இந்த முகமூடிக்காரர்தான்.

இத்தனைக்கும் வாரா வாரம் அதே சுற்று. ஷ்ரீவ்போர்ட்டில் டெலிவிஷன் படப்பிடிப்பு, நியூ ஆர்லியன்சில் சண்டை, பேட்டன் ரூஜ், ஜாக்சன்... பின்னாளில் ஓக்லஹோமாவும் வாட்ஸ் கைக்கு வந்ததும் துல்சா வரை. ஷ்ரீவ்போர்ட்டிலிருந்து நியூ ஆர்லியன்சுக்கே 300 மைலுக்கு மேல். சண்டை முடிந்து, வியர்வை காய்வதற்குள் கார் ஓட்ட வேண்டும்.

வடக்கே போனார்

இந்தச் சமயத்தில் நியூயார்க் பக்கத்துக் காண்டிராக்டர் வின்ஸ் மக்மான், பாளையக்காரர்களின் எல்லைக் கோடுகளை மதிப்பதில்லை என்று முடிவு செய்தார். கேபிள் டெலிவிஷன் வந்துவிட்டது. ஒரே கம்பெனி நாடு முழுவதும் காட்சி நடத்தலாம். ஒவ்வொரு பாளையத்திலும் இருந்த முதல் ஆட்டக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டார். 1984 கோடையில் டாகும் கிளம்பிப் போனார்.

இதைத் துரோகம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. வசூலில் காண்டிராக்டர் கிள்ளிக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு ராத்திரியெல்லாம் கார் ஓட்டியவர், பெரிய கம்பெனி கூப்பிட்டால் போகாமல் என்ன செய்வார்?

போன இடத்தில் பெயருக்குக் குறைவில்லை. 1985 மார்ச்சில் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த முதல் "ரெஸ்ஸில்மேனியா"வில் ஆடினார். அதே வருடம் நவம்பரில் ஒரு பெரிய பந்தயத் தொடரில் ராண்டி சாவேஜைத் தோற்கடித்து முதலாவதாக வந்தார். குழந்தைகளுக்கான கார்ட்டூன் படத்தில் அவர் உருவம் வந்தது. பொம்மை வந்தது. பாட்டுத் தட்டும் வந்தது. சண்டை முடிந்ததும் சின்னப் பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட்டு அவர்களோடு ஆடுவார். அவர் சிரிப்பை நாடு முழுவதும் பார்த்தது.

ஆனால் அந்தக் கம்பெனியில் கடைசி வரை அவருக்கு ஒரு சாம்பியன் பட்டம்கூடக் கிடைக்கவில்லை. அங்கே முதல் நாற்காலி ஹல்க் ஹோகனுடையது. தெற்கே இவருக்காகத்தான் கதை எழுதினார்கள். இங்கே இவர் கதையில் ஒரு பாத்திரம்.

1987 மார்ச்சில் மூன்றாவது ரெஸ்ஸில்மேனியா. ஹார்லி ரேஸ் என்ற வெள்ளைக்காரர் கிரீடம் வைத்துக்கொண்டு "ராஜா" வேஷத்தில் வருவார். தோற்றவர் ராஜாவுக்குத் தலை வணங்க வேண்டும் என்று நிபந்தனை. டாக் தோற்றார், வணங்கினார். உடனே நாற்காலியை எடுத்து ராஜாவை ஒரு போடு போட்டுவிட்டு, ராஜாவின் அங்கியை மாட்டிக்கொண்டு போனார் என்று காட்சியை முடித்தார்கள். கூட்டம் சிரித்தது. "நியூ ஆர்லியன்சின் ராஜா" என்பது இவரைப் பற்றி 2012-ல் வெளியான ஒரு புத்தகத்தின் தலைப்பு. அந்த ராஜா வேறொரு வேஷ ராஜாவுக்குக் குனிந்தது, லூசியானாவில் இருந்து பார்த்தவர்களுக்குச் சிரிப்பாக இருந்திருக்காது.

இரண்டு பக்கமும் நஷ்டம்

தெற்கே வாட்ஸ், போன இடத்தை நிரப்ப ஒருவர் பின் ஒருவராகக் கறுப்புப் பயில்வான்களைக் கொண்டுவந்து பார்த்தார். எல்லோரும் நல்ல தேகக்கட்டு உள்ளவர்கள்தான். ஆனால் ஜனங்கள் கேட்டது கறுப்பு நிறத்தை அல்ல, அந்த ஆளை. பிறகு எண்ணெய் விலை சரிந்து ஓக்லஹோமாவிலும் லூசியானாவிலும் வேலைகள் போயின. வேலை போனவன் குஸ்தி டிக்கெட் வாங்குவானா? 1987-ல் வாட்ஸ் கம்பெனியை விற்றுவிட்டார்.

ரிட்டருக்கும் இறங்குமுகம். உடம்பு பெருத்தது. போதைப் பழக்கமும் சேர்ந்துகொண்டது என்று கூட ஆடியவர்களே வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார்கள். 1988-ல் மக்மான் கம்பெனியை விட்டு விலகினார். பிறகு போட்டிக் கம்பெனியில் 1993 வரை வந்து போனார். 1990-ல் ரிக் பிளேரோடு உலகப் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பும் வந்தது. எதிரி விதியை மீறியதால் வெற்றி இவருக்கு. அப்படி ஜெயித்தால் பட்டம் கை மாறாது என்பது குஸ்தி விதி. பிறகு சின்னச் சின்ன ஊர்களில் சின்னச் சின்ன மேடைகள்.

கடைசிப் பயணம்

1998 ஜூன் மாதத் தொடக்கம். டெலிவிஷன் நாடகத்தில் "முகத்தைப் பார்க்க முடியவில்லையே" என்று தகப்பன் அழுத அந்தப் பெண் குழந்தை வளர்ந்து, பள்ளிக்கூடப் படிப்பை முடித்திருந்தாள். வட கரோலினாவில் பட்டமளிப்பு விழா. ரிட்டர் போய், மகளைக் கண்ணாரப் பார்த்துவிட்டுக் காரில் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். மிசிசிப்பி மாநிலத்தில் பாரஸ்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையில் கார் நிலை தவறிப் புரண்டது. ஓட்டும்போதே தூங்கிவிட்டார் என்று கருதப்பட்டது. வயது 45.

பழைய நாட்களில் ஜாக்சன் நகரத்துச் சண்டைக்காக அவர் சுற்றி வந்த அதே மிட்-சவுத் பிரதேசம் அது.

2004 மார்ச்சில், மக்மான் கம்பெனி தன் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது. நியூயார்க்கில் விழா. அவரைப் பற்றிப் பேச எழுந்தவர் எர்னி லாட். லூசியானாவிலேயே பிறந்தவர், பழைய கறுப்பு நட்சத்திரம், மிட்-சவுத் நாட்களில் வாட்சோடு இருந்தவர். தகப்பனுக்கு உரிய கவுரவத்தை மேடை ஏறி வாங்கிக்கொண்டவர், அந்த மகள்.